ஹிமேஜி, கனசாவா, மட்சுயே: எந்தக் கோட்டை நகரத்துக்கு இரண்டு நாள்?

ஜப்பானில் சாமுராய் காலத்துக் கோட்டை நகரம் ஒன்றை நிதானமாகப் பார்க்க எங்களுக்குக் கிடைத்தவை மூன்று நாட்களே. முந்தைய பயணத்தில் பார்த்திருந்த ஹிமேஜியை விட்டுவிட்டு, கனசாவாவுக்கு ஒரு பகலையும் மட்சுயேவுக்கு இரண்டு நாட்களையும் ஒதுக்கினோம்.

ஹிமேஜியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1609-இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் வெண்ணிறக் கோபுரம் 1993 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அழகிலும் அளவிலும் மற்ற இரண்டும் அதற்கு ஈடாகா. ஆனால் 1945 வான்தாக்குதலில் கோட்டை தப்பியது, சுற்றியிருந்த நகரம் எரிந்தது.

கனசாவாவில் நிலைமை நேர்மாறு. ஒரு மனிதரின் ஓராண்டு உணவுக்கான அரிசியைக் குறிக்கும் 'கொக்கு' என்ற அளவையில் பத்து லட்சத்துக்கும் மேல் வருவாய் கண்ட மயேதா வம்சத்தின் தலைநகரம் அது. போரில் குண்டுவீச்சுக்கு உள்ளாகாததால் நாகமாச்சியின் மண்மதில்களும், 1820-இல் வகுக்கப்பட்ட ஹிகாஷி தேநீர் விடுதித் தெருவும், கென்ரோக்குஎன் தோட்டமும் இன்றும் இருக்கின்றன. தங்க இழைத்தாள், அரக்குப் பூச்சு போன்ற கைவினைகளில் நாட்டம் உள்ளவர்கள் தயங்காமல் கனசாவாவுக்கே செல்லலாம். ஆனால் கோட்டையின் தலைமைக் கோபுரம் 1602-இலேயே இடி விழுந்து எரிந்தது. பிறகு எழுப்பப்படவே இல்லை. 1788-ஆம் ஆண்டின் இஷிகாவா வாயில் அசல்தான் என்றாலும், பார்வையாளர்கள் உள்ளே சென்று காணும் நீண்ட கொத்தளக் கட்டடம் 2001-இல் மறுபடி எழுப்பப்பட்டது. நாங்கள் கண்டது இலையுதிர்காலத்து ஒரே பகல் என்பதால், பனிப்பாரம் தாங்கக் கிளைகளைக் கயிற்றில் தொங்கவிடும் குளிர்காலத் தோட்டத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: பழைய மரத்தாலான கோபுரமும், அதை நம்பி வளர்ந்த ஊரும் இன்னும் சேர்ந்து நிற்கின்றனவா? மட்சுயேவில் நிற்கின்றன.

படைத்தலைவர் ஹொரியோ யோஷிஹாரு 1607-இல் கட்டத் தொடங்கிய அக்கோட்டையின் கருநிறப் பலகை வேய்ந்த கோபுரத்துக்குள் நுழைந்ததும், முதலில் கண்ணில் படுபவை தூண்கள். பல தூண்களைச் சுற்றிலும் பலகைகளை அணைத்து, இரும்புப் பற்றுகளால் இறுக்கியிருக்கிறார்கள். அடித்தளத்தில் முற்றுகைக்காலத்துக்கென ஒரு கிணறும் உண்டு. கோபுரம் 1611-இல் முடிந்ததற்கான சான்று, அதே வளாகத்தின் ஷிண்டோ ஆலயத்தில் 2012-இல் கிடைத்த, 1611-ஐக் குறிக்கும் ஆண்டு எழுதிய இரண்டு வேண்டுதல் பலகைகள். அவற்றின் ஆணித் துளைகள் அடித்தளத் தூண்களின் துளைகளோடு பொருந்தின. அதனால் 2015-இல் தேசியப் பொக்கிஷம் என்ற தகுதி கிடைத்தது. இந்தச் செய்தியை அறிந்துகொண்டு அந்தத் தூண்களின் அருகே நின்றபோது எனக்கு உடல் சிலிர்த்தது. 1875-இல் இக்கோபுரம் 180 யென்னுக்கு ஏலம் போய் இடிபட இருந்தது. காட்சுபே மோட்டோஎமோன் என்ற செல்வந்த விவசாயியும், தகாகி கொன்பாச்சி என்ற முன்னாள் சாமுராயும் முயன்று அத்தொகையைக் கட்டி மீட்டார்கள். ஊரார் காப்பாற்றிய கோபுரம் என்பதாலேயே அது எனக்கு மற்றவற்றைவிட நெருக்கமாகத் தெரிகிறது.

ஊரையும் கோட்டையையும் இணைப்பது அகழி. அது தூர்க்கப்படாமல் நீரோடு இருப்பதால், ஏறத்தாழ ஐம்பது நிமிடம் படகில் சுற்றி வரலாம். தாழ்வான பாலங்களின் அடியில் படகின் கூரையைக் கீழே இறக்க, பயணிகள் குனிந்துகொள்கிறார்கள். வடகரையில் ஷியோமி நவாத்தே தெருவில் பைன் மரங்களுக்குப் பின்னே சாமுராய் இல்லங்களும், எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் 1891-இல் வாழ்ந்த வீடும் இருக்கின்றன. மட்சுயேவை ஆண்ட மட்சுதைரா வம்சத்தின் ஏழாம் பிரபுவும் தேநீர்ச் சடங்கின் மேதையுமான ஃபுமாய் 1779-இல் அமைத்த மெய்மெய்-அன் குடில் அருகிலுள்ள குன்றின்மேல் இருக்கிறது. அங்கிருந்து கோபுரத்தைக் காணலாம். ஃபுமாய் விரும்பிய இனிப்புகளை இன்றும் ஊர்க் கடைகளில் செய்து விற்கிறார்கள்.

குறையும் உண்டு. டோக்கியோவிலிருந்து கனசாவாவுக்கு அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். மட்சுயேவுக்கோ அந்த ரயில் கிடையாது, ஒகயாமாவில் இறங்கி விரைவு ரயிலில் மேலும் இரண்டரை மணிக்கு மேல் செல்லவேண்டும். கோபுரத்தின் படிகளும் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்தளத்து ஷிஞ்சி ஏரிக் காட்சியை விட்டுவிட்டு, படகையும் குடிலையும் தேர்ந்துகொள்ளலாம். ஏற முடிந்தவர்கள் முதல்நாள் படகில் சுற்றி ஊரின் அமைப்பைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் கோபுரத்துக்குச் செல்லுங்கள். கீழே சுற்றிவந்த அகழியும் தெருக்களும் எங்கெங்கே இருக்கின்றன என்பது மேலிருந்து பார்க்கும்போது தெளிவாகத் தெரியும்.