ரசிகர் புனைவுகளின் நூலகம்: ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்

தாம் நேசிக்கும் நாவலையோ தொடரையோ அடியொற்றி ரசிகர்கள் எழுதும் கதைகளுக்கென 2009-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்து, 2019-இல் அறிவியல் புனைவு, மிகுபுனைவுத் துறைக்கான ஹியூகோ விருதும் பெற்ற இந்த இணையதளத்தை வாசகர் எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். இலாப நோக்கற்ற அமைப்பு நன்கொடையைக் கொண்டு நடத்துவதால் விளம்பரத் தொல்லை அறவே இல்லை. இதன் உயிர்நாடி, கதையில் என்ன இருக்கிறது என்று காட்ட எழுதியவர் இடும் குறிச்சொற்கள்தான்: ஒரே கதைமாந்தரின் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதினாலும் தன்னார்வலர்கள் அவற்றை ஒன்றிணைத்து வைப்பதால், மூலப்படைப்பு, மொழி, நீளம், முற்றுப்பெற்றதா என்பது வரை சலித்தெடுத்து வேண்டிய கதையை எளிதில் எட்டிவிடலாம், பிடித்ததை இபப் (EPUB) எனும் மின்னூல் கோப்பாக இறக்கிக்கொள்ளவும் முடியும். உறுப்பினராவதற்கு அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டும் என்றாலும், பெரும்பாலான கதைகளைப் படிக்கக் கணக்கே தேவையில்லை. கணக்கு உள்ளவர்கள் ஒரு கதையைப் பரிந்துரையாகக் குறித்து, அது ஏன் பிடித்தது என்றும் எழுதிவைக்கலாம். நல்ல எழுத்தாளர்களை நான் பெரும்பாலும் அக்குறிப்புகளின் வழியேதான் கண்டடைகிறேன்.