காலா, இறக்கையா, கக்கமா? கோழியை எப்படித் தூக்குவது

எங்கள் வீட்டில் இப்போது ஏழு கோழிகள். சிறுவிடை என்கிற சின்ன நாட்டுரகப் பெட்டை ஐந்து, பெருவிடை என்கிற பெரிய நாட்டுரகச் சேவல் ஒன்று, அப்புறம் பக்கத்துத் தெருவிலிருந்து மேய வந்து திரும்பிப் போகாமலே இருந்துவிட்ட ஒன்று. வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட, காலில் சுற்றிய நூலை அறுக்க, அடையிலிருந்து கிளப்ப என்று வாரம் ஒரு தடவையாவது ஏதாவது ஒன்றைத் தூக்க வேண்டியிருக்கிறது. இதில் ஆளுக்கொரு பிடி. அப்பா காலைப் பிடிப்பார், அம்மா இறக்கையைப் பிடிப்பார், நான் கக்கத்தில் இடுக்குவேன்.

காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதுதான் சந்தையில் நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்தது. பிடிப்பவருக்குச் சுலபம், ஒரு கையில் மூன்று கோழி வரும். ஆனால் கோழிக்கு நம்மைப்போல உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சை இழுக்கிற தசை) கிடையாது, நெஞ்செலும்பும் விலாவும் அசைந்தால்தான் காற்றுப்பைகளுக்குள் காற்று போய்வரும். தலைகீழானதும் குடல், ஈரல் எல்லாம் அந்தப் பைகள் மேல் சரிந்துவிடும். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் அது வாய்வழியே வழிந்து மூச்சுக்குழலில் இறங்கவும் வாய்ப்புண்டு. “பாரு, எவ்வளவு சமத்தா தொங்குது” என்பார் அப்பா. சமத்தெல்லாம் இல்லை, பயத்தில் விறைத்துப்போயிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விலங்குப் போக்குவரத்து விதி (எண் 1/2005) காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்றே சொல்கிறது. நம்முடைய 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலும் தேவையில்லாத வலி வரும்படி உயிர்களைக் கொண்டுபோவது குற்றம்தான், ஆனால் சந்தை வாசலில் அதை யார் படித்துக்காட்டுவது. ஒற்றைக் காலைப் பிடித்து இழுப்பது இதைவிட மோசம், தொடை மூட்டு பிசகிவிடும்.

அம்மாவின் இறக்கைப் பிடியை நான் முழுசாகக் குறை சொல்லமாட்டேன். இரண்டு இறக்கையையும் முதுகோடு சேர்த்து, அடியில், உடம்பை ஒட்டிப் பிடித்தால் நெஞ்சு அழுந்தாது, கோழியும் அடித்துக்கொள்ளாது. ஒன்றேகால் கிலோ பெட்டையைக் கூட்டிலிருந்து எடுத்து மடியில் வைக்கிற நேரத்துக்குச் சரி. மூன்று கிலோ சேவலை இப்படித் தூக்கினால் அத்தனை எடையும் தோள்மூட்டில் தொங்கும். கூடவே இன்னொரு சிக்கல், கால் இரண்டும் சும்மா இருக்கும். அந்தக் கால்முள் கிழித்த கோடு என் வலது முன்கையில் இன்னும் இருக்கிறது. இறக்கை நுனியையோ ஒற்றை இறக்கையையோ பிடிக்கவே கூடாது.

என் ஓட்டு கக்கத்துக்குத்தான், ஆனால் அதையும் முறையாகச் செய்யவேண்டும். பகலில் துரத்தினால் கோழிக்கும் மூச்சிரைக்கும், நமக்கும் மூச்சிரைக்கும். பொழுது சாய்ந்து கூட்டில் அடைந்தபிறகு போனால் அதற்குச் சரியாகக் கண் தெரியாது, உட்கார்ந்த இடத்திலேயே கொடுத்துவிடும். முதலில் ஒரு கையை முதுகில் வைத்து இறக்கையை அமர்த்தி, மறு கையை நெஞ்சுக்கு அடியில் விடுங்கள். ஆள்காட்டி விரல் இரண்டு காலுக்கும் நடுவில், மற்ற விரல்கள் காலுக்கு வெளியே. இப்போது நெஞ்சு நம் முன்கைமேல் படுத்திருக்கும், ஒரு பக்க இறக்கை நம் விலாவோடு ஒட்டியிருக்கும், மறுபக்கத்தை மேலே வைத்த கை பார்த்துக்கொள்ளும். நழுவிவிடுமோ என்று நெஞ்சை இறுக்கினால் மட்டும் அப்பாவைச் சொன்ன அதே தப்பை நாமும் செய்கிறோம், மூச்சு விட இடமில்லாமல் போகும். சரியாக அமைந்துவிட்டால் ஒரு நிமிஷத்தில் தெரியும். படபடவென்று முன்கையில் அடித்த இதயம் மெல்லத் தணியும், கீழ் இமை மேலே ஏறி கண் மூடும்.

தலை எந்தப் பக்கம் என்பதில் எங்கள் வீட்டில் சண்டையே உண்டு. தலை முன்னால் இருந்தால் கோழிக்குப் பராக்குப் பார்க்கலாம், எச்சம் நம் சட்டை முதுகில். தலையை முழங்கைப் பக்கம் பின்னால் வைத்தால் இருட்டாக இருப்பதால் சீக்கிரம் அடங்குகிறது, எச்சமும் முன்னால் தரையில் விழும். சேவலுக்கு நான் பின்பக்கம்தான். எப்படியானாலும் முகத்தருகே கொண்டுபோகாதீர்கள், கண்ணும் கம்மலும் மினுங்கினால் கொத்திவிடும். குழந்தைகள் உட்கார்ந்தபடி மடியில் வைத்துக்கொள்ளட்டும், நின்றுகொண்டு தூக்க வேண்டாம். இறக்கி விடும்போது குனிந்து, கால் தரையில் பட்டபிறகு விடுங்கள். இடுப்புயரத்திலிருந்து எறிந்தால் பாதத்தில் அடிபட்டு வீங்கும்.

தூரமாகப் போவதென்றால் கை எதுவும் உதவாது. சாக்கில் கட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒயர் கூடையில் தலை மட்டும் வெளியே தெரிகிறமாதிரி வைத்து ஹேண்டில்பாரில் மாட்டுவது பார்க்க அழகு, ஆனால் அடி சமமாக இல்லாததால் கால் மடங்கிக்கொள்ளும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆடும். காய்கறி பிளாஸ்டிக் கிரேட்டுக்கு மூடி கட்டினால் காற்றோட்டம் பிரமாதம், வழியெல்லாம் லாரியைப் பார்த்து மிரளும் என்பதுதான் குறை. அட்டைப்பெட்டி இருட்டாக இருக்கும், கோழி சுருண்டு உட்கார்ந்துவிடும். பக்கவாட்டில் நாலு பக்கமும் ஓட்டை, அடியில் செய்தித்தாள் வழுக்கும் என்பதால் சாக்குத்துணி. ஒரு மே மாத மதியம் மேல்மூடியில் மட்டும் ஓட்டை போட்டு, அதன்மேல் பையையும் வைத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். திறந்தபோது வாயைப் பிளந்து இறக்கையை விரித்துக்கொண்டு கிடந்தது. உடம்புச் சூடே 41 டிகிரிக்குப் பக்கம், வியர்வையும் கிடையாது, அது வேறென்ன செய்யும். அதிலிருந்து காலை எட்டு மணிக்குள் கிளம்பினால்தான் அட்டைப்பெட்டி, வெயில் ஏறிவிட்டால் கிரேட்டின்மேல் மெல்லிய துணி.

தெருவிலிருந்து வந்த அந்த ஏழாவதுக்கு மட்டும் மூன்று பிடியும் சரிவரவில்லை. பெட்டியைச் சாய்த்து வைத்து உள்ளே கொஞ்சம் கம்பைத் தூவினால் தானாகப் போய் நிற்கிறது, மூடியைப் போட்டால் போதும்.