வலிக்குக் கரண்ட்: பிஸியோ சென்டரா, வீட்டு டென்ஸ் கருவியா, அதிலும் எந்த பேடு?

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இருப்பவர்கள் இடுப்பு வலிக்குக் கரண்ட் வைக்க மூன்று வழிகள் உண்டு. ராமநாதபுரம் போய் பிஸியோ சென்டரில் ஐ.எஃப்.டி. என்ற கரண்ட் சிகிச்சை வைத்துக்கொள்ளலாம். தோலில் ஸ்டிக்கர் பேடு ஒட்டி மின்துடிப்பு தரும் டென்ஸ் (TENS) கருவியை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அல்லது ஜெல் தடவி ரப்பர் பேடு கட்டும் டென்ஸ். மூன்றையும் என் இடுப்பிலேயே பார்த்தாயிற்று. என் ஓட்டு ரப்பர் பேடுக்கு.

கரண்ட் வலியின் மூலத்தைச் சரிசெய்வதில்லை, வலியை அடக்குகிறது. தோல் வழியாக ஓடும் சின்ன மின்துடிப்பு தொடுவுணர்ச்சி நரம்புகளைத் தூண்ட, முதுகுத்தண்டில் வலியின் செய்தி அமுங்கிப்போகிறது. இடித்துக்கொண்ட முழங்கையை நாமே தேய்த்துவிடுகிறோமே, அதே வழிதான். 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் இதைக் கதவுக் கோட்பாடு என்று விளக்கினார்கள். பெரியவர்களிடம் நடந்த 381 ஆய்வுகளை 2022-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்ததில், டென்ஸ் ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் வலி குறைவது தெரிந்தது. ஆனால் எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இடுப்பு வலிக்கு இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. எனக்குப் பலன் இருக்கிறது, அதனால் பயன்படுத்துகிறேன். வலி அடங்கியிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் பிஸியோ சொன்ன பயிற்சியைச் செய்துவிட முடிகிறது, அதுதான் எனக்குப் பெரிய லாபம்.

பிஸியோ சென்டரைக் குறைசொல்ல மாட்டேன். ஐ.எஃப்.டி.யில் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான இரண்டு மின்னோட்டங்களை உடம்புக்குள் குறுக்கே சந்திக்க விடுகிறார்கள். சுருக்கென்று குத்தாது, இதமாக இறங்குவதுபோல் இருக்கும். வலி எதனால் வருகிறது என்று பார்த்துச் சொல்லவும், பேடை எங்கே வைப்பது என்று காட்டித் தரவும் அங்கே ஆள் உண்டு. முதல் சில தடவையாவது அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் கரண்ட் தரும் சுகம் கொஞ்ச நேரத்துக்குத்தான். வைத்து முடித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் குலுங்கி வீடு வந்தால் அது இருக்கிற இடம் தெரிவதில்லை. விசைப்படகில் போகிறவர்கள் பத்து சிட்டிங் விடாமல் போக வேண்டுமென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் தோது. நடமாட முடியாதவர்கள் வீட்டில் இருந்தால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிஸியோ வீட்டுக்கே வருவார், கேட்டுப் பாருங்கள்.

சரி, வீட்டுக் கருவிதான் என்று முடிவானால், கடையில் எல்லோரும் பார்ப்பது எத்தனை மோடு, எவ்வளவு பெரிய டிஸ்பிளே என்பதைத்தான். பார்க்க வேண்டியது பேடை.

டென்ஸ் வேலைசெய்ய, துடிப்பு அழுத்தமாக, ஆனால் வலிக்காத அளவில் இருக்க வேண்டும். பேடு தோலில் முழுசாகப் படிந்தால்தான் அந்த அளவுக்கு ஏற்ற முடியும். ஓரம் தூக்கிக்கொண்டாலோ ஜெல் காய்ந்திருந்தாலோ, ஒட்டியிருக்கும் சின்ன இடத்திலேயே மொத்தக் கரண்டும் போய் ஊசியாகக் குத்தும். குத்துகிறதே என்று குறைத்து வைப்பார்கள். குறைத்தால் பலன் இருக்காது. ‘மிஷின் சரியில்லை’ என்று அது பரணுக்குப் போய்விடும்.

ஸ்டிக்கர் பேடு 20, 30 தடவை வரும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நம் கரையில் எனக்கு அதில் பாதிகூட வந்ததில்லை. வேர்வை, தேங்காயெண்ணெய், வலித்தைலம், காற்றில் வரும் உப்புப் பிசுக்கு, எங்கிருந்தோ வந்து ஒட்டும் மணல் எல்லாம் அந்தப் பசையைத் தின்றுவிடும். சோப்புப் போட்டுத் தோலைக் கழுவித் துடைத்து ஒட்டுவது, எடுத்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவிப் பிளாஸ்டிக் தாளில் திரும்ப ஒட்டி மூடி வைப்பது, இதெல்லாம் ஆயுளைக் கொஞ்சம் நீட்டும். ஆனாலும் புது செட் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கருவியின் விலையைப் பேடு தாண்டிவிடும்.

ரப்பர் பேடு கார்பன் கலந்த கருப்பு ரப்பர். ஒவ்வொரு தடவையும் ஜெல் தடவ வேண்டும், டேப்போ எலாஸ்டிக் பெல்ட்டோ கட்ட வேண்டும், முடிந்ததும் கழுவிக் காய வைக்க வேண்டும். இடுப்புக்கு என்றால் வீட்டில் ஒருவர் கை கொடுத்தால் நல்லது. வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் ஜெல் ஒவ்வொரு தடவையும் புதுசு என்பதால் குத்தாமல் நன்றாக ஏற்ற முடிகிறது. ஒரு ஜெல் பாட்டில் பல நாளைக்கு வரும். ஜெல் தீர்ந்துவிட்டது என்று எண்ணெயோ வாசலினோ தடவக் கூடாது, இரண்டும் கரண்டைத் தடுக்கும். ரப்பரும் நாளாவட்டத்தில் தேயும். புது ஜெல் போட்டும் குத்தினால் மாற்றிவிட வேண்டியதுதான்.

தனியாக இருப்பவர்களுக்கும், வெளியூர் போகும்போதும் ஸ்டிக்கர்தான் வசதி. தோள்பட்டைக்கும் அதுவே தோதாக இருக்கும் என்று தோன்றுகிறது. இடுப்பைத் தவிர வேறு எங்கும் நான் தொடர்ந்து வைத்ததில்லை.

வலி மாத்திரையோடும் ஒப்பிட்டாக வேண்டும். வலைக்குப் போய்வந்து டைக்ளோஃபெனாக்கைத் தினமும் போடுகிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது. வெயிலில் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்தைத் தாக்கும், வயிற்றையும் புண்ணாக்கும். டென்ஸில் அந்தப் பயம் இல்லை. ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள் தொடக் கூடாது. கர்ப்பிணிகளும் வலிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. கழுத்தின் முன்பக்கம், நெஞ்சு, புண் உள்ள தோல் எல்லாம் கூடாது. பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குப் பாறை கிழித்த கீறல் கைகாலில் இருந்துகொண்டே இருக்கும், அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சர்க்கரையால் கால் மரத்திருந்தால் அங்கேயும் வேண்டாம், சுட்டாலும் தெரியாது. ஈர உடம்போடு வைப்பதும், வைத்தபடி தூங்குவதும் கூடாது.

வாங்கும்போது வயரின் முனையைப் பாருங்கள். 2 மி.மீ. பின் உள்ள வயராக இருந்தால் அதே அளவில் துளை உள்ள ரப்பர் பேடு, ஸ்டிக்கர் பேடு இரண்டையும் மாற்றி மாற்றிப் போடலாம். அந்தப் பின்னில் உப்புக் காற்று பச்சை பிடிக்க வைக்கும். துடைத்து, பேட்டரியைக் கழற்றி, இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள்.