செம்மறி ஆட்டுப் பால் தயிர்: தொடர்ந்து சாப்பிட்டதில் தெரிந்தது

செம்மறி ஆட்டுப் பால் தயிர் முதல் கரண்டியிலேயே பெரும்பாலானவர்களுக்குப் பிடித்துவிடும். ஆனால் அதன் குணம் முழுதாகப் பிடிபட, ஆடுகள் கறவைக்கு வந்து ஓயும் ஒரு பருவமாவது தொடர்ந்து சாப்பிட வேண்டும். சிறு பண்ணைகளில் கைப்பக்குவமாகச் செய்யும் தயிரையும், அதே பாலின் தயிரை இனிப்புச் சேர்த்து உறைய வைத்துச் செய்யும் ஃப்ரோசன் யோகர்ட்டையும் நெடுநாளாக வாங்கிச் சாப்பிட்டு வருகிறேன். செம்மறித் தயிரை இப்போது கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். ஃப்ரோசனை மட்டும் விசாரித்துத்தான் வாங்குவேன்.

மூடியைத் திறந்ததும் கண்ணில் படுவது நிறம். பசும்பால் தயிரில் தெரியும் இளமஞ்சள் இதில் துளியும் இருக்காது. தீவனத்தில் உள்ள கரோட்டின் என்னும் மஞ்சள் நிறமியைச் செம்மறி ஆடு உடம்புக்குள்ளேயே வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடுகிறது. அதனால் அந்த மஞ்சள் பாலுக்கு வருவதில்லை. அப்புறம் கரண்டியை விட்டுப் பார்த்தால் அந்தக் கட்டி. நான் திரும்பத் திரும்ப இதை வாங்குவதற்குக் காரணமே அதுதான்.

பசும்பாலில் கொழுப்பு சுமார் 3.5 முதல் 4 சதவீதம், புரதம் 3.3 சதவீதம் அளவில் இருக்கும். செம்மறிப் பாலில் கொழுப்பு 6 முதல் 7 சதவீதம், புரதம் 5.5 சதவீதத்தை ஒட்டி வரும். தண்ணீர் போக மிஞ்சும் திடப்பொருள் பசும்பாலில் 12, 13 சதவீதம் என்றால் இதில் 18 சதவீதத்தைத் தொடுகிறது. பாலை நன்றாகக் காய்ச்சி, 42 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஆறவிட்டு உறை ஊற்றினால் போதும். துணியில் கட்டித் தொங்கவிட வேண்டாம், பால் பவுடரும் ஜெலட்டினும் வேண்டாம். நீரை வடித்துக் கட்டியாக்கிய பசும்பால் தயிரோடு பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். வடித்த தயிர் சில நேரம் நாக்கில் மாவு மாதிரி ஒட்டும். இது கட்டியாக நின்றாலும் வாயில் போட்டதும் குழைந்து போகிறது. வெட்டி எடுத்த இடத்தில் நீர் ஊறுவதும் குறைவு.

வாடை அடிக்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். புதுப் பாலில் சுத்தமாகச் செய்த தயிரில் அடிக்காது. லேசான இனிப்பு, வறுத்த கொட்டைப் பருப்பை நினைவுபடுத்தும் ஒரு மணம், கடைசியில் மெல்லிய புளிப்பு, அவ்வளவுதான். பால் அதிக நேரம் கிடந்தாலோ கறவையில் சுத்தம் குறைந்தாலோ கொழுப்பு சிதைந்து, அதிலிருந்து பிரியும் அமிலங்கள் ஆட்டு வாடையைக் கிளப்பும். வாடை தூக்கலாக இருந்தால் அதை இந்தப் பாலின் இயல்பு என்று நினைத்துச் சகித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பண்ணையின் பக்குவம் சரியில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

புளிப்பைப் பொறுத்தவரை நாள் கணக்கு முக்கியம். உறையில் உள்ள லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ் குளிர்பெட்டியிலும் மெதுவாக வேலை செய்துகொண்டேதான் இருக்கும். பல்கேரியாவைச் சேர்ந்த ஸ்டாமென் கிரிகோரோவ் 1905-ல் தயிரில் கண்டறிந்த அதே நுண்ணுயிர்தான் இது. செய்த ஓரிரு நாளில் பாலின் இனிப்பு மேலோங்கி நிற்கும். ஒரு வாரம் போனால் புளிப்பு முன்னுக்கு வரும். எனக்கு இரண்டும் பிடிக்கும். முதலில் சாப்பிடுகிறவர்களுக்குப் புதிதாக இருக்கும்போதே கொடுப்பது நல்லது.

செம்மறி ஆடு ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி கறப்பதில்லை. கறவை முடியும் காலம் நெருங்க நெருங்கப் பாலின் அளவு குறையும், கொழுப்பும் புரதமும் ஏறும். தொடக்கத்தில் இளசாக இருந்த தயிர் போகப் போகக் கனத்து, கடைசியில் மேலே தடித்த ஏடு கட்டி வருவதை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். அந்தக் கடைசிக் காலத் தயிர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சில மாதங்கள் தயிரே கிடைக்காது. கிடைக்காத மாதங்களில் "இப்போது பால் இல்லை" என்று நேராகச் சொல்லும் பண்ணைகள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

உடம்புக்கு எப்படி என்றால், ஒரு சின்னக் கிண்ணத்திலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. கால்சியமும் பசும்பாலைவிட அதிகம். ஆனால் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை ஏறக்குறைய அதே அளவுதான். பசும்பால் புரதம் ஒவ்வாதவர்களில் பலருக்குச் செம்மறிப் பாலும் ஒவ்வாது. மருத்துவரைக் கேட்காமல் அவர்கள் தொடக்கூடாது.

சரி, ஃப்ரோசன் யோகர்ட்டுக்கு வருவோம். நியாயமாகப் பார்த்தால் இந்தப் பால் அதற்கு ஏற்றது. திடப்பொருள் அதிகம் இருப்பதால் உறைவதற்கான தண்ணீர் குறைவு. பனித்துகள் சிறிதாகவே இருக்கும், வழவழப்பு தானாக வரும். நன்றாகச் செய்ததில் க்ரீம் சேர்க்காமலே ஐஸ்க்ரீமின் செழுமையும், அதன் நடுவே தயிரின் புளிப்பும் சேர்ந்து வருகின்றன. அந்தச் சேர்க்கை வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

சிக்கல் சர்க்கரையில் இருக்கிறது. குளிர் நாக்கின் சுவை உணர்வை மந்தமாக்கும். சர்க்கரை குறைந்தால் கல்லாக உறைந்தும் போகும். அதனால் தாராளமாகப் போடுகிறார்கள். அந்த இனிப்பில் பாலின் மணம் அமுங்கிவிடுகிறது. சாக்லேட், காபி போன்ற சுவைகளில் செம்மறிப் பால் என்பதே தெரியாது. அந்தக் கூடுதல் விலையை அவற்றுக்குக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. சாதாவும் தேன் சேர்த்ததும்தான் தேறுகின்றன. சில டப்பாக்களில் பெயருக்குக் கொஞ்சம் தயிரைக் கலந்திருப்பார்கள்; புளிப்பே இருக்காது. பொருள் பட்டியலில் தயிர் முதலில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டப்பாவைக் கையில் தூக்கியும் பாருங்கள்: காற்று அதிகம் அடித்தது அளவுக்குப் பொருந்தாமல் லேசாக இருக்கும். சாப்பிடும்போது மணல் போல நெருடினால் பெரும்பாலும் பால் பவுடரின் லாக்டோஸ் படிகமாகியிருக்கிறது.

மைனஸ் 18 டிகிரியிலிருந்து எடுத்த உடனே சாப்பிட வேண்டாம். பத்து நிமிடம் வெளியே வைத்தால் மணம் திரும்ப வரும். முழுதாக உருகவிட்டு மறுபடி உறைய வைத்தால் பனித்துகள் பெரிதாகி நறநறவென்று ஆகிவிடும், ஆகவே சின்ன டப்பாவாக வாங்குவதே மேல்.