ஒருவருக்கா, பலருக்கா? அரசு ஆய்வகத் தொழில்நுட்பத்துக்கு உரிமம் தரும் வழிகள்: ஓர் ஒப்பீடு

2018 ஜூனில், சில நாள் இடைவெளியில், இரண்டு அறிவிப்புகள் வந்தன. இரண்டும் அரசுப் பணத்தில் உருவான லித்தியம் அயன் செல் தொழில்நுட்பத்தைத் தொழில்துறைக்குக் கொடுப்பது பற்றியவை. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், அதாவது சிக்ரி, ராசி சோலார் பவர் என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. ஆலை கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வரும் என்பது அன்றைய திட்டம். இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் வேறு வழியில் போனது. தகுதியுள்ள எந்த நிறுவனம் வந்தாலும் தருவோம், ஆளுக்கு ஒரு கோடி ரூபாய், யாருக்கும் தனி உரிமை கிடையாது என்று அறிவித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஆர்வம் காட்டின.

எந்த வழி சரி என்பதற்குப் பொதுவான பதில் இல்லை. ஆனால் எப்போது எது சரி என்பதைப் பெருமளவு கணித்துவிடலாம். முதலில் பார்க்க வேண்டியது காப்புரிமையின் மதிப்பை அல்ல. ஆய்வகத்தில் கிலோ கணக்கில் செய்ததைத் தொழிற்சாலையில் டன் கணக்கில் செய்யும் வரை ஆகும் செலவை யார் ஏற்கிறார், அவர் ஏன் ஏற்க வேண்டும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கோடி ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது

இஸ்ரோவின் செல்கள் 1.5 ஆம்பியர்-மணி முதல் 100 ஆம்பியர்-மணி வரை பல அளவுகளில் உருவானவை. செயற்கைக்கோளிலும் ராக்கெட்டிலும் பறந்தவை. தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவை எந்த வேலைக்காக வடிவமைக்கப்பட்டன என்று பாருங்கள். புவிநிலைச் சுற்றுப்பாதையில் உள்ள செயற்கைக்கோள் ஆண்டுக்குச் சுமார் 90 நாள்தான் பூமியின் நிழலுக்குள் போகிறது. அதன் பேட்டரி ஆண்டுக்கு அத்தனை முறைதான் இறங்கி ஏறும், ஆனால் 15 ஆண்டு உழைக்க வேண்டும். விலை இரண்டாம் பட்சம். ஒவ்வொரு செல்லையும் நீண்ட நாள் சோதித்து, ஒத்துப்போகும் செல்களைப் பொறுக்கி அடுக்குவார்கள். வண்டிக்கான செல் அப்படியல்ல. வேகமாக ஏற வேண்டும், மலிவாக இருக்க வேண்டும், லட்சக்கணக்கில் வர வேண்டும், பொறுக்கி எடுக்காமலே எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

ஆகவே உரிமம் வாங்கியவர் அந்தச் செய்முறையை அப்படியே ஓட்ட முடியாது. ஆய்வகத்தில் மின்முனைப் பூச்சு நிமிடத்துக்கு ஓரிரு மீட்டர் வேகத்தில் நகரும். ஆலையில் பல பத்து மீட்டர் வேகம் வேண்டும். வேகத்தைக் கூட்டினால் உலர்த்தும் சூட்டையும் கூட்டியாக வேண்டும். கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது பிணைப்புப் பொருளையும் மேற்பரப்புக்கு இழுத்துக்கொண்டு போகும். அடியில் உள்ள உலோகப் படலத்தைப் பிடித்துக்கொள்ள ஏதும் மிஞ்சாது. பூச்சு வெடிக்கும், சுருட்டும்போது உரிந்து வரும். இதைச் சரிசெய்யும் அறிவு ஆய்வகக் குறிப்பேட்டில் இருக்காது. உரிமதாரர் தன் பணத்தைச் செலவழித்துத்தான் அதைக் கற்க வேண்டும்.

அந்தப் பணம் எவ்வளவு? 2021-இல் மேம்பட்ட பேட்டரி செல்களுக்கான உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தை அறிவித்தபோது, 50 ஜிகாவாட்-மணி திறனுக்குச் சுமார் 45,000 கோடி ரூபாய் முதலீடு வரும் என்று மத்திய அரசே மதிப்பிட்டது. அப்படியானால் ஒரு ஜிகாவாட்-மணிக்கு 900 கோடி. இதற்கு முன்னால் ஒரு கோடி உரிமக் கட்டணம் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. கட்டணம் மலிவாக இருப்பது முதலீட்டு முடிவை எந்தப் பக்கமும் அசைக்காது. பக்கத்துக் கம்பெனியிடமும் இதே செய்முறை இருக்கிறது என்ற நினைப்போ அசைக்கும். நான் 30 கோடி செலவழித்துப் பூச்சுப் பிரச்சினையைத் தீர்த்தால், என் ஆளை வேலைக்கு எடுத்துக்கொண்டு அவன் சும்மா பெற்றுவிடுவானே என்று எந்த இயக்குநர் குழுவும் கேட்கும். அந்தக் கேள்வி நியாயமானது.

பலருக்கும் தருவது பொருந்தும் இடம்

அதற்காக, பலருக்கும் தருவதே தவறு என்று சொல்லிவிட முடியாது. ஹைதராபாதில் உள்ள தூள் உலோகவியல் ஆய்வு மையமான ஆர்சி, வெடிப்புமுறைத் தெளிப்புப் பூச்சைப் பல நிறுவனங்களுக்குக் கொடுத்தது. இந்த வகைத் தொழிலுக்கு அதுவே சிறந்த வழி. ஒரு நீண்ட குழாய்க்குள் ஆக்சிஜனும் அசிட்டிலீனும் கலந்து தீப்பொறி பட்டு வெடிக்கிறது. அந்த அதிர்வலை டங்ஸ்டன் கார்பைடு-கோபால்ட் தூளை உலோகத்தின் மேல் அறைகிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் நாணய அளவில் ஒரு வட்டம் படியும். இடையிடையே நைட்ரஜன் குழாயைத் துடைத்துவிடும். பம்பு ஸ்லீவ், கம்பி இழுக்கும் ஆலையின் கப்பி, டர்பைன் பாகம் என்று கூலிக்குப் பூசித் தரும் வேலை இது. இயந்திரத்தின் விலை ஒரு நடுத்தரப் பட்டறைக்கு எட்டக்கூடியது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்தினர். கோயம்புத்தூர் பம்புக்காரர் ஸ்லீவைப் பூசுவதற்கு குஜராத்துக்கு அனுப்ப மாட்டார். ஆகவே பல உரிமதாரர்கள் இருந்தாலும் ஒருவர் சந்தையை இன்னொருவர் தின்பதில்லை.

இங்கே ஆபத்து தரத்தில்தான். வாயு விகிதத்தில் ஆக்சிஜன் ஏறினாலோ தூள் அளவுக்கு மீறிச் சூடானாலோ, டங்ஸ்டன் கார்பைடு தன் கரியில் ஒரு பங்கை இழந்து வேறு கார்பைடாக மாறும். பூச்சு கடினமாகத்தான் இருக்கும், ஆனால் நொறுங்கும். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். பட்டறையில் முதலில் கைவிடப்படும் சோதனையும் அதுதான். ஒரு உரிமதாரர் மோசமாகப் பூசினால் அந்தத் தொழில்நுட்பத்துக்கே கெட்ட பெயர் வரும், ஒழுங்காகச் செய்யும் மற்றவர்களும் பாதிக்கப்படுவார்கள். எனவே பலருக்குத் தரும் ஒப்பந்தத்தில் காலாண்டுக்கு ஒரு மாதிரித் துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும் என்ற விதி கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒருவருக்கே தருவது

அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், பெரிதும் அரசு நிதியில் வளர்ந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஆராய்ச்சியிலிருந்து 2001-இல் ஏ123 சிஸ்டம்ஸ் பிறந்தது. காப்புரிமைகளை எம்ஐடி அதற்கே தனி உரிமமாகக் கொடுத்தது. தனி உரிமம் என்ன சாதிக்கும் என்பதற்கும், எதைச் சாதிக்காது என்பதற்கும் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

முதலீட்டைக் கொண்டுவந்தது. நிறுவனம் 2009-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு எரிசக்தித் துறை சுமார் 24.9 கோடி டாலர் மானியம் ஒதுக்கியது. 2010-இல் மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் ஆலை திறந்தது. போட்டியாளர் அதே காப்புரிமையோடு வர முடியாது என்ற நிச்சயம் இல்லாமல் இவ்வளவு பணம் வந்திருக்காது.

வழக்கைத் தடுக்கவில்லை. இதே பொருளுக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகமும் ஹைட்ரோ-கியூபெக்கும் தங்களுக்குக் காப்புரிமை உண்டு என்று பல ஆண்டு வழக்காடின, 2011-இல் சமரசமானது. காப்புரிமை என்பது அடுத்தவரைத் தடுக்கும் உரிமை மட்டுமே. நாமே தயாரிக்கலாம் என்ற அனுமதி அதில் அடங்காது. பொருள் அறிவியல் துறையில் இது மிகவும் முக்கியம், ஏனென்றால் ஒரே தூளின் மேல் கலவை, துகள் அமைப்பு, மேற்பூச்சு, செய்முறை என நான்கைந்து பேரின் காப்புரிமைகள் அடுக்கடுக்காக இருக்கும்.

உற்பத்தித் தவறையும் தடுக்கவில்லை. 2012 மார்ச்சில், லிவோனியாவில் ஒரு தானியங்கி வெல்டிங் இயந்திரம் சரியாக அளவமைக்கப்படாததால் குறையுள்ள செல்கள் போய்விட்டன என்று நிறுவனம் அறிவித்தது. மாற்றித் தர சுமார் 5.5 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டது. அக்டோபரில் திவாலானது. சொத்துகளில் பெரும்பகுதியைச் சீனாவின் வான்ஷியாங் குழுமம் ஏறத்தாழ 25.7 கோடி டாலருக்கு வாங்கியது. பொதுப் பணத்தில் விளைந்த அறிவு நிறுவனத்தோடு சேர்ந்து கைமாறியது. தனி உரிமம் தரும் ஆய்வகம், நிறுவனம் விற்கப்பட்டால் உரிமம் என்னவாகும் என்பதை முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். பிறகு திவால் நீதிமன்றத்தில் பேசிப் பயனில்லை.

ஆர்கான் ஆய்வகத்தின் நடுவழி

எனக்கு மிகவும் பிடித்தது இந்த வழி. சிகாகோ அருகே உள்ள ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் மைக்கேல் தாக்கரே, கலீல் அமீன் முதலியோர் நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் கேத்தோடுக்கான, அதாவது பேட்டரியின் நேர்மின்முனைக்கான, அடிப்படைக் காப்புரிமைகளைப் பெற்றனர். அவை 2004 ஜனவரியில் வழங்கப்பட்டன. ஆய்வகம் யாரோ ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கவில்லை, கேட்ட எல்லோருக்கும் வாரி வழங்கவும் இல்லை. தூள் செய்யும் டோடா கோக்யோ, பிஏஎஸ்எஃப், செல் செய்யும் எல்ஜி கெம், புதுநிறுவனமான என்வியா, கார் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ் என்று சங்கிலியின் வெவ்வேறு கண்ணிகளில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. ஒருவர் தோற்றாலும் பொருள் சந்தைக்கு வந்துவிடும் ஏற்பாடு. பிஏஎஸ்எஃப் 2012-இல் ஒஹையோவின் எலிரியாவில் கேத்தோடு ஆலை திறந்தது.

இன்னொன்றும் செய்தார்கள். பெல்ஜியத்தின் யூமிகோர் உரிமம் இல்லாமல் இதே பொருளை விற்கிறது என்று பிஏஎஸ்எஃபும் ஆர்கானை நடத்தும் அமைப்பும் சேர்ந்து 2015-இல் அமெரிக்க சர்வதேச வணிக ஆணையத்தில் வழக்குப் போட்டன. 2016 இறுதியில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது, அடுத்த ஆண்டு சமரசம் ஆனது. பணம் கட்டி உரிமம் வாங்கியவருக்கு ஆய்வகம் துணை நிற்காவிட்டால், கட்டாதவரே கெட்டிக்காரர் என்றாகிவிடும். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு தனி உரிமதாரருக்கு மட்டுமே சொந்தமாக வழக்குத் தொடுக்கும் உரிமையைத் தருகிறது. பலரில் ஒருவராக உரிமம் வாங்குபவர், மீறல் நடந்தால் இத்தனை நாளுக்குள் ஆய்வகம் நடவடிக்கை எடுக்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நம் ஆய்வகங்கள் இந்த வழியைப் பின்பற்றினால் துறைவாரியாகப் பிரிக்கலாம். செயற்கைக்கோளும் பாதுகாப்பும் ஒருவருக்கு, மூன்று சக்கர வண்டி இன்னொருவருக்கு, கூரைச் சூரியசக்திச் சேமிப்பு வேறொருவருக்கு. அவரவர் துறைக்குள் தனி உரிமை இருக்கும், முதலீடும் வரும். எல்லைகளைப் பயன்பாட்டை வைத்துப் பிரிப்பது நல்லது. செல்லின் அளவை வைத்துப் பிரித்தால் இரண்டே ஆண்டில் எல்லை கலைந்துவிடும்.

எழுதிய நிபந்தனையை யார் பார்க்கிறார்

எந்த வகை உரிமமானாலும் வனேடியம் பேட்டரியின் கதை பொருந்தும். அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகம் சுமார் 1.5 கோடி டாலர் அரசுப் பணத்தில் வனேடியம் ஓட்ட பேட்டரிக்கு (கரைசலை ஓடவிட்டு மின்சாரத்தைச் சேமிக்கும் வகை) புதிய மின்பகுளி செய்தது. கந்தக அமிலம் மட்டும் இருந்தால் 40 டிகிரிக்கு மேல் வனேடியம் வீழ்படிவாகி அடைத்துக்கொள்ளும். குளோரைடும் கலந்தபோது லிட்டருக்கு 2.5 மோல் வரை கரைந்து 50 டிகிரியிலும் நின்றது. ஆற்றல் அடர்த்தி சுமார் 70 சதவீதம் கூடியது. 2012-இல் யூனிஎனர்ஜி என்ற உள்ளூர் நிறுவனம் உரிமம் பெற்றது. அமெரிக்காவில் தயாரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதலீடு கிடைக்காமல் தவித்த அந்த நிறுவனம் 2017-இல் சீனாவின் ரோங்கே பவருக்கு உள்-உரிமம், அதாவது தன் உரிமத்தின் கீழ் இன்னொரு உரிமம், கொடுத்தது. 2021-இல் உரிமம் ஒரு நெதர்லாந்து நிறுவனத்துக்கு மாறியது. ஊடகங்கள் கேள்வி கேட்ட பிறகு, 2022-இல்தான் எரிசக்தித் துறை அதை ரத்து செய்தது. அந்த ஆண்டே டாலியனில் 100 மெகாவாட் வனேடியம் நிலையம் மின்தொகுப்பில் இணைந்தது.

நிபந்தனை காகிதத்தில் இருந்தது. ஆலையை நேரில் பார்த்தவர் யாருமில்லை. உள்-உரிமத்துக்கும் மாற்றத்துக்கும் முன் எழுத்துமூல ஒப்புதல், ஆண்டுக்கொரு முறை நேரடி ஆய்வு, தவறினால் 90 நாளில் உரிமம் தானாகவே பலருக்கானதாக மாறுதல் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ரத்து செய்வதைவிட மூன்றாவது மேலானது. ரத்து செய்ய எந்த அதிகாரியும் தயங்குவார், தானாக நடப்பதற்கு யாரும் துணிய வேண்டியதில்லை.

தனியார் வராதபோது

டைட்டானியம் ஸ்பாஞ்ச் (டைட்டானிய உலோகத்தின் நுண்துளையுள்ள முதல் வடிவம்) போன்ற பொருளுக்கு உள்நாட்டில் வாங்குபவர் கைவிரலில் அடங்குவர். ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தின் செய்முறையை வைத்து, விக்ரம் சாராபாய் மையத்தின் நிதியில், கேரளத்தின் சவறாவில் மாநில அரசு நிறுவனமான கேஎம்எம்எல் ஆண்டுக்கு 500 டன் ஆலை அமைத்து 2011-இல் தொடங்கியது. லாபக் கணக்கில் இதற்குத் தனியார் வரமாட்டார். வாங்குபவரே முதலீடு போடுவதுதான் இங்கே நேர்மையான வழி.

கையெழுத்துக்கு முன்

சந்தை பெரிது, ஆனால் செய்முறை இன்னும் பழுக்கவில்லை என்றால் உடனே உரிமம் வாங்காமல், 9 முதல் 12 மாத முன்னுரிமை ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அந்தக் காலத்தில் ஆய்வகம் வேறு யாருக்கும் தராது. நிறுவனம் தன் மூலப்பொருளில் சோதித்துப் பார்க்கும்.

கேத்தோடு தூளை எடுத்துக்கொண்டால், சோதிக்க வேண்டியவை தெளிவானவை. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் சல்பேட் கரைசலைச் சோடியம் ஹைட்ராக்சைடு, அமோனியாவோடு சேர்த்து, 50-60 டிகிரியில், கார-அமில எண் 11-ஐ ஒட்டி, நைட்ரஜன் சூழலில் வீழ்படிவாக்குவார்கள். நைட்ரஜன் குறைந்தால் மாங்கனீசு முன்னதாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து கலவை சீர்கெடும். 10 லிட்டர் கலனில் வந்த உருண்டைத் துகள் 1,000 லிட்டரில் வராது, காரம் விழும் இடத்தில் கலக்கல் பிந்தி நுண்துகள் கொட்டும். சூளையில் லித்தியம் ஆவியாகும் என்பதால் சில சதவீதம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். எவ்வளவு என்பது அந்தந்தச் சூளையைப் பொறுத்தது. இயந்திரத்தின் எஃகு உராய்ந்து இரும்புத்துகள் கலந்தால், செல்லுக்குள் குறுக்குச்சுற்று ஏற்படும். “நன்றாகக் கலக்கவும்” என்று எழுதிய ஆய்வகக் குறிப்பு இங்கே எதற்கும் உதவாது. கலக்கியின் வடிவம், சுற்றுவேகம், கன மீட்டருக்கு எத்தனை வாட் சக்தி, கார-அமில உணரி எந்த ஆழத்தில் என்பதெல்லாம் இணைப்பில் இருக்க வேண்டும்.

ராயல்டி எதன் மீது என்பதும் விகிதத்தைப் போலவே முக்கியம். 3 சதவீதம் தூளின் விலையில் ஒரு தொகை, முழு பேட்டரியின் விலையில் பல மடங்கு. தூள் தொழில்நுட்பத்துக்குத் தூளின் நிகர விற்பனை விலையே அடிப்படை என்று எழுதுங்கள். கட்டணத்தோடு 18 சதவீத ஜிஎஸ்டியையும் கணக்கில் சேருங்கள். உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும், காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்யவும் வேண்டும்.

கட்டணத்தை ஒரே தவணையில் கட்டாதீர்கள். கையெழுத்தில் ஒரு பங்கு, ஆவணங்களும் பயிற்சியும் முடிந்ததும் ஒரு பங்கு. கடைசிப் பங்கு, உரிமதாரரின் ஆலையில், அவருடைய மூலப்பொருளில், அவருடைய ஆட்கள் தொடர்ந்து மூன்று தொகுதிகள் ஓட்டி மூன்றும் வரையறைக்குள் வந்த பிறகு. ஆய்வக விஞ்ஞானி அன்று அங்கே நிற்கலாம், ஆனால் எந்த வால்வையும் தொடக்கூடாது.