உடைந்த ஷாஃப்ட்டும் சேலத்து லாரி ஜாயிண்ட் பட்டறையும்

ஏற்காடு மலைப்பாதையில் பதின்மூன்றாவது கொண்டை ஊசி வளைவு. ஜூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். பைக்கை முதல் கியரில் வளைத்து ஆக்சிலேட்டர் கொடுத்தேன். காலுக்குப் பின்னால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். எஞ்சின் சீறுகிறது, வண்டி நகரவில்லை. பிரேக்கைப் பிடித்து எஞ்சினை அணைத்து, கியரில் விட்டுவிட்டு இறங்கலாம் என்று பிரேக்கைத் தளர்த்தினேன். வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. ஷாஃப்ட் விட்டுப்போனால் கியரில் போட்டாலும் சக்கரம் நிற்காது. இதைப் புத்தகத்தில் படித்திருந்தால்கூட அந்த நேரத்தில் ஞாபகம் வந்திருக்காது. மேலேயிருந்து பலாப்பழம் ஏற்றி இறங்கிவந்த பிக்கப்காரர் வண்டியை ஓரங்கட்டி, ஓடிவந்து பின் சக்கரத்துக்கு அடியில் கல்லைப் போட்டார். அவர் பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. அவருக்கு நன்றி சொல்லாமல் இதை எழுத முடியாது.

அஸ்தம்பட்டியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் பெங்களூரில் ஒருவரிடம் இந்த டூரிங் வண்டியை வாங்கினேன். 1200 சிசி, சங்கிலி கிடையாது, ஷாஃப்ட் டிரைவ் (சங்கிலிக்குப் பதிலாக ஒரு தண்டு சுற்றிப் பின் சக்கரத்தை ஓட்டும்), எடை 250 கிலோவை நெருங்கும். என்ஓசி வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாற்றியாகிவிட்டது. வாங்கும்போது 48,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, உடைந்த அன்று 61,300. கம்பெனிப் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போவது ஷாஃப்ட் உள்ள எந்தப் பழைய வண்டிக்கும் பொருந்தும்.

விற்றவர் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் அப்படியே நம்பினேன்: “ஷாஃப்ட் வண்டிக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம் சார், ஓட்டிக்கிட்டே இருக்கலாம்.” சங்கிலிக்கு எண்ணெய் விட வேண்டாம், இறுக்கம் பார்க்க வேண்டாம், அவ்வளவுதான் உண்மை. ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் ரப்பர் பூட் (உறை) இருக்கிறது, உள்ளே பல் கோத்திருக்கும் இடங்களுக்கு கிரீஸ் வேண்டும், சக்கரத்தோடு இருக்கும் ஃபைனல் டிரைவில் கியர் ஆயில் மாற்ற வேண்டும். என் வண்டியில் முன்பக்க பூட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். வாரம் தவறாமல் வாட்டர் சர்வீஸில் அழுத்தமாகத் தண்ணீர் அடித்துக் கழுவியிருக்கிறேன். அந்தத் தண்ணீர் எல்லாம் அந்தக் கிழிசல் வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது.

குட்டி யானையில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தோம். வெளியூரில் உள்ள சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். கிராஸ் (ஷாஃப்ட் மடங்குகிற ஜாயிண்ட்டின் நடுவில் இருக்கும் கூட்டல் குறி வடிவத் துண்டு) மட்டும் தனியாகக் கிடையாது, ஷாஃப்ட் முழுசாகத்தான் வரும், 1,40,000 ரூபாய், பணம் முழுவதும் முன்னாலேயே கட்ட வேண்டும், ஐந்தாறு வாரம் ஆகும் என்றார்கள். வண்டியை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு வேறு. இரண்டு நாள் யோசித்தேன். சங்ககிரி, நாமக்கல் லாரியெல்லாம் வந்துபோகிற ஊர் இது. பத்து டன் இழுக்கிற ஜாயிண்ட்டைத் தினமும் பிரித்துப் பூட்டுகிறவர்கள் இருக்கிற ஊரில் இதற்கு ஆள் இல்லாமலா போகும் என்று பட்டது.

கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் லாரி ஜாயிண்ட் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. மூன்று இடத்தில் கேட்டேன். முதல் இடத்தில் “பைக்கா? முடியாதுங்க.” இரண்டாவது இடத்தில் கையில் வாங்கிப் பார்த்த மாத்திரத்தில், “வெல்டு வச்சுத் தர்றேன், சாயங்காலம் வாங்க” என்றார்கள். ஷாஃப்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடந்துவிட்டேன். மூன்றாவது பட்டறையைப் பற்றித்தான் இந்த விமர்சனம். பெயரைப் போட வேண்டாம் என்று மேஸ்திரியே கேட்டுக்கொண்டார். பைக் வேலை அவருடைய பிழைப்பு இல்லை, கூட்டம் வந்தால் லாரிக்காரர்கள் காத்திருக்க வேண்டியிருக்கும் என்றார்.

இங்கே வண்டியைக் கொண்டுபோக முடியாது. ஷாஃப்ட்டை மட்டும்தான் வாங்குவார்கள். அதனால் எங்கள் தெரு டூவீலர் மெக்கானிக் தம்பியை வைத்து நானே கழற்றினேன். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தை எடுத்து, பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு (பிரேக் ஓஸ் குழாயில் தொங்கவிடக் கூடாது), ஏபிஎஸ் ஒயரை விலக்கி, ஃபைனல் டிரைவைக் கீழே சாய்த்ததும் உள்ளேயிருந்து செங்கல்தூள் மாதிரி துரு கொட்டியது. பின்பக்கக் கிராஸின் ஒரு கை உடைந்திருந்தது. ஊசி பேரிங்கில் ஊசி என்று சொல்ல ஒன்றுகூட மிஞ்சவில்லை. கோணிச்சாக்கில் சுற்றி பைபாஸுக்கு எடுத்துப் போனேன்.

மேஸ்திரி முதலில் உடைந்த பக்கத்தைத் தொடவே இல்லை. நல்லாயிருக்கிற முன்பக்க ஜாயிண்ட்டைக் கையில் பிடித்து, நாலா பக்கமும் மெதுவாக மடக்கிப் பார்த்தார். ஒரு திசையில் மட்டும் நடுவில் தட்டி நின்றது. என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். “தெரியுதுங்களா? இங்க பள்ளம் விழுந்திருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு படுக்கையில கிடக்குன்னு அர்த்தம். ரெண்டையும் மாத்தணும்.” பழைய வண்டி வாங்கப்போகிறவர்கள் இந்தச் சோதனையை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்க வேண்டும். பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பதோடு விட்டால் இந்தப் பள்ளம் அகப்படாது.

பிறகு பிரிப்பதற்கு முன்பே இரண்டு முனைக் கவைகளிலும் (கிராஸைப் பிடிக்கும் கவட்டை) சென்டர் பஞ்ச் என்கிற குத்துளியால் ஒரே கோட்டில் புள்ளி வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, “புள்ளி மாறினா வண்டி நடுங்கும் சார்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். மகள் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கிறாள், ராத்திரி சாப்பிடும்போது அவள்தான் விளக்கினாள். கிராஸ் ஜாயிண்ட் கோணத்தில் சுற்றும்போது இந்தப் பக்கம் ஒரே வேகத்தில் சுற்றினாலும் அந்தப் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடி இரண்டு தடவை குறையும். கோணம் 10 டிகிரி என்றால் ஒன்றரை சதவீதம் அளவுக்குக் கூடும், அதே அளவு குறையும். அடுத்த ஜாயிண்ட்டை இதற்குச் சரியாகத் திருப்பிப் பூட்டினால் அது கூட்டினதை இது கழித்துவிடும். ஒரு பல் தள்ளிப் பூட்டினால் கழியாது, அந்த நடுக்கம் நேராகப் பேரிங்கைத் தின்னும். மேஸ்திரி பத்தாவதோடு நின்றவர். அவர் வைத்த இரண்டு புள்ளியில் இவ்வளவும் இருந்தது.

அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது கிராஸ் தேடியபோதுதான். கம்பெனியில் இந்தக் கிராஸ் பிரிக்கிற மாதிரியே வைக்கவில்லை. கப்பை (கிராஸின் கை நுனியில் மாட்டும் பேரிங் மூடி) உள்ளே தள்ளிவிட்டுக் கவையின் விளிம்பைக் குத்துளியால் நசுக்கி அடைத்திருக்கிறார்கள். மில்லிங்கில் அந்த நசுக்கலைச் சீவி, பிரஸ்ஸில் வைத்துப் பழைய கப்புகளைத் தள்ளினார். கப்பின் விட்டம், கிராஸின் மொத்த நீளம் இரண்டையும் வெர்னியரில் அளந்தார். அலமாரியிலிருந்து மூன்று கிராஸ் எடுத்துப் போட்டுப் பார்த்தார். மூன்றாவது விட்டத்தில் அச்சாகப் பொருந்தியது, நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைவு. வாஷர் வைத்துச் சரிக்கட்டலாமே என்று நானே கேட்டேன். “லாரிக்குக்கூட அப்படி வைக்க மாட்டேங்க. உங்களுக்குக் கீழ ரெண்டு சக்கரந்தான் இருக்கு” என்றவர், கோயம்புத்தூருக்குப் போன் போட்டுப் பழைய கிராஸின் அளவிலேயே இரண்டு வரவழைத்தார். நான்கு நாள் தள்ளிப்போனது. கிரீஸ் நிப்பிள் இல்லாத கிராஸாகக் கேட்டு வாங்கினார். இவ்வளவு சின்ன கிராஸில் நிப்பிளுக்கு ஓட்டை போட்டால் நடுவில் பலம் குறையும் என்பது அவர் சொன்ன காரணம்.

அதற்கு முன் இன்னொரு வேலையும் நடந்தது. கவைகளை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, மேலே வெள்ளைப் பவுடர் ஸ்ப்ரே அடித்தார்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு ஊறிவரும். பத்து நிமிஷம் நானும் அவரும் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். கோடு வரவில்லை. “வந்திருந்தா சாக்கிலயே கட்டிக் குடுத்திருப்பேன். புதுசு வாங்கிக்குங்கன்னு சொல்லியிருப்பேன்” என்றார். நடக்கிற வேகத்தில் உடைந்ததால்தான் கவை தப்பியது. நெடுஞ்சாலை வேகத்தில் விட்டிருந்தால் ஷாஃப்ட் உள்ளேயே சிலம்பம் சுற்றி, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைப் பிளந்திருக்கும், பின் சக்கரமும் இறுகியிருக்கும். தொப்பூர் இறக்கத்தில் அதே வண்டியில் எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று அன்றைக்கு எண்ணிப் பார்த்தேன்.

புதுக் கப்புகளைப் பிடிக்கக் கவையில் காடி வெட்டி சர்க்கிளிப் (வளையக் கிளிப்) போட்டார். வெவ்வேறு தடிமனில் சர்க்கிளிப் மாற்றி மாற்றிப் போட்டு, கிராஸ் நடுவில் உட்காரும் வரை விடவில்லை. கடைசியில் லேத்தில் பிடித்து டயல் கேஜ் வைத்துச் சுற்றிக் காட்டினார். முள் 0.12 மில்லிமீட்டருக்கு மேல் ஆடவில்லை. ஜாயிண்ட் தன் எடைக்கே மடங்குகிறது, எந்தத் திசையிலும் தட்டவில்லை.

ஒன்றை மட்டும் செய்ய முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இந்த ஷாஃப்ட் ஒரே குழாய் இல்லை. ஒரு குழாய்க்குள் இன்னொன்று, நடுவில் ஒட்டிய ரப்பர், உதறலை வாங்குவதற்கு. அந்த ரப்பர் ஒட்டு விட்டுப்போனால் உள்குழாய் வழுக்கும், வைத்த புள்ளியும் விலகிப்போகும். புது ரப்பர் ஊற்ற இங்கே வசதி இல்லை. அதனால் இரண்டு குழாய்க்கும் குறுக்கே வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார். “ஆயிரம் கிலோமீட்டர்ல பிரிச்சுப் பாருங்க. கோடு நேரா இருந்தா ஓட்டுங்க. விலகியிருந்தா எங்கிட்ட வராதீங்க, புது ஷாஃப்ட் வாங்குங்க.” தன் வேலை எதுவரை என்று கோடு போட்டுக் காட்டின மெக்கானிக்கை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

செலவு: கிராஸ் இரண்டு 2,900, மில்லிங், காடி, பிரஸ் எல்லாம் சேர்த்துக் கூலி 6,500, சாயச் சோதனை 900, பார்சல் 300. பட்டறைக்குக் கொடுத்தது 10,600 ரூபாய். என் பக்கத்தில் புது பூட் ஒரு ஜோடி 2,400 (பெங்களூரிலிருந்து), கியர் ஆயிலும் மாலிப்டினம் கிரீஸும் 1,900, தம்பிக்குக் கழற்றிப் பூட்ட 3,500, குட்டி யானை 2,200. எல்லாம் சேர்த்து 20,600.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆறு நாள் என்றது பதினோரு நாள் ஆனது. போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். போனால் உட்கார இடமில்லை, எதிரே டீக்கடையில் நிற்க வேண்டும். பில் துண்டுச் சீட்டில்தான், இன்சூரன்ஸ் கேட்கிறவர்களுக்கு அது உதவாது. எழுத்தில் வாரண்டி கிடையாது. பாலன்சிங் மெஷின் லாரி ஷாஃப்ட்டுக்கானது, இந்தச் சின்ன ஷாஃப்ட்டை அதில் பிடிக்க முடியவில்லை. டயல் கேஜோடு நிறுத்திக்கொண்டோம். வருடத்துக்கு முப்பதாயிரம் கிலோமீட்டர் லடாக், ராஜஸ்தான் என்று ஓட்டுகிறவர் இந்த வேலையை நம்பிக் கிளம்ப வேண்டாம், புது ஷாஃப்ட்தான் போட வேண்டும். என்னைப் போல வாரக்கடைசியில் ஏற்காடு, ஏலகிரி, அதிகம் போனால் ஊட்டி என்று போகிறவர் தாராளமாக நம்பலாம்.

பூட்டும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பல்லெல்லாம் கழுவி, மாலிப்டினம் கிரீஸ் தடவி, புள்ளிக்குப் புள்ளி பார்த்து ஏற்றினோம். ஃபைனல் டிரைவ் ஆயிலை வடித்ததில் காந்த நட்டில் மெல்லிய கறுப்புப் பசைதான் இருந்தது, துண்டு எதுவும் இல்லை. வண்டிப் புத்தகத்தில் போட்ட அளவுக்கு 75டபிள்யூ-90 கியர் ஆயில் ஊற்றினோம். முதல் நாள் சீலநாயக்கன்பட்டி வரை பைபாஸில் 40, 60, 80 என்று ஏற்றிப் பார்த்தேன். உடைவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே 25 கிலோமீட்டர் வேகத்தில் காலடியில் ஒரு கடகடப்பு வந்துகொண்டிருந்தது. ரோடு சரியில்லை என்று நினைத்து விட்டுவிட்டேன். அது அடியோடு இல்லை. 500 கிலோமீட்டர் வரை மனைவியைப் பின்னால் ஏற்றவில்லை. பிறகு குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறி, அடிவாரம் வழியாக இறங்கினோம். பதின்மூன்றாவது வளைவில் அவள் என் தோளை இறுக்கிப் பிடித்தது தெரிந்தது.

போன வாரம் மீட்டரில் 62,340. ஃபைனல் டிரைவை மறுபடி சாய்த்து டார்ச் அடித்துப் பார்த்தோம். துரு இல்லை, பூட்டுக்குள் ஈரமில்லை, கோடு முடியளவும் விலகவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு போய் மேஸ்திரியிடம் காட்டினேன். ஒரு அசோக் லேலண்டு ஷாஃப்ட்டுக்கு அடியில் படுத்திருந்தவர் எழுந்துவந்து, கையைத் துடைத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். “அடுத்து அஞ்சாயிரத்துல பாருங்க” என்றார்.