மூளை அனூரிசத்துக்குக் காயில் (coil) வைத்த பிறகு: ஆஞ்சியோவா, எம்.ஆர்.ஏ-வா?

அம்மாவுக்கு மூளை ரத்தக்குழாயில் 7 மி.மீ. வீக்கம், அதாவது அனூரிசம். வெடிக்கும் முன்பே தெரிந்ததால் தொடை வழியாகப் பிளாட்டினம் காயில், அதாவது மெல்லிய கம்பிச் சுருள், வைத்து அடைத்தார்கள். சரி, அடைத்தது மறுபடி திறக்கிறதா என்று இனி எதை வைத்துப் பார்ப்பது? நாங்கள் எம்.ஆர்.ஏ பக்கம் போனோம். எம்.ஆர்.ஐ மெஷினில், காந்தத்தை வைத்து ரத்தக்குழாயைப் படமெடுப்பது அது.

சி.டி. ஆஞ்சியோ வேண்டாம். காயிலைச் சுற்றிப் படம் கீற்றுக் கீற்றாகச் சிதறி, பார்க்க வேண்டிய இடமே மறைந்துவிடும்.

ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டு, மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் டி.எஸ்.ஏ ஆஞ்சியோவைத் துல்லியத்தில் மிஞ்ச ஆளில்லை. ஆனால் மணிக்கட்டிலோ தொடையிலோ துளை, அயோடின் மருந்து, கதிர்வீச்சு, சிறிதளவு பக்கவாத ஆபத்து எல்லாம் கூடவே வரும். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் எல்லையில் நிற்கிறது.

எங்களுக்கு எடுத்த எம்.ஆர்.ஏ-வில் மருந்து ஊசிகூட இல்லை. ஓடும் ரத்தமே படத்தில் வெளிச்சமாகத் தெரியும். பிளாட்டினத்தைக் காந்தம் இழுக்காது. சத்தம்தான் தொல்லை. “ரைஸ் மில்லுக்குள்ள படுத்த மாதிரி இருந்துச்சுடா” என்றார் அம்மா.

எங்களை முடிவெடுக்க வைத்தது, இதைத் திரும்பத் திரும்ப எடுக்க முடியும் என்பதுதான். எவ்வளவு நெருக்கி அடைத்தாலும் வீக்கத்துக்குள் கம்பி நிற்பது ஏறக்குறைய கால் பங்கு இடத்தில்தான். மிச்சம் உறைந்த ரத்தம். ரத்த ஓட்டம் இடித்துக்கொண்டே இருந்தால் சுருள் உள்ளே அமுங்கலாம். மான்ட்ரியலில் ரேமண்ட் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து கவனித்த வீக்கங்களில் மூன்றில் ஒரு பங்கு ஏதோ ஓர் அளவில் திரும்பியிருந்தது. அது தெரிய சராசரியாக ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆகவே ஆறாம் மாதம் ஒரு படம் எடுத்து நிம்மதியாகிவிட முடியாது.

யாருக்குத் திரும்பும் என்பதை ஓரளவு முன்கூட்டியே ஊகிக்கலாம். 10 மி.மீ. தாண்டிய வீக்கம், அகன்ற கழுத்து (வீக்கம் ரத்தக்குழாயோடு சேரும் வாய்), வெடித்த நிலையில் செய்த சிகிச்சை, முழுதாக அடைபடாத மிச்சம் ஆகியவை கவலைக்குரியவை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ரேமண்ட்-ராய் என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள்: 1 என்றால் முழு அடைப்பு, 2 கழுத்தில் மிச்சம், 3 வீக்கத்துக்குள்ளேயே மிச்சம். அம்மாவுக்கு 2.

ஒரு தப்பு செய்தோம். காயில் வைத்த சில நாளில் எடுத்த முதல் எம்.ஆர்.ஏ-வுக்குப் பிறகு, ஆறாம் மாதப் படத்தைச் செலவு குறைவென்று வேறு ஸ்கேன் சென்டரில் எடுத்தோம். டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கழுத்தருகே ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். “இது மெஷின் மாறினதாலயா, நிஜமாவே வளர்ந்திருக்கான்னு சொல்ல முடியலையே.” பழைய மெஷினில் மறுபடி எடுத்தபோது புள்ளி முதல் படத்தில் இருந்த அளவிலேயே இருந்தது. மிச்சம் பிடித்த காசு போனதோடு பத்து நாள் தூக்கமும் போயிற்று.

காயிலோடு ஸ்டென்டும் (ரத்தக்குழாய்க்குள் வைக்கும் வலைக்குழல்) வைத்தவர்களுக்குக் கணக்கு வேறு. அந்தக் குழாய்க்குள் எம்.ஆர்.ஏ படம் மங்கும், அங்கே ஆஞ்சியோ பக்கம்தான் சாய வேண்டியிருக்கும். எங்களுக்கு அந்த அனுபவம் இல்லை. பார்த்ததும் இரண்டு வருடக் கதைதான். எம்.ஆர்.ஏ-வில் சந்தேகம் வந்தால் ஆஞ்சியோவுக்குப் போவது என்று டாக்டரிடம் பேசி வைத்திருக்கிறோம்.

அடுத்த ஸ்கேன் தை மாதம். பழைய ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்குகள் எல்லாம் அம்மாவின் மஞ்சள் பையில் இருக்கின்றன.